மரைக்காலும் புசலும்: கல்முனைக் கரையோரத்து முகத்தலளவை

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளத்தற்றொழிலை நால்வகைப்படுத்தினர் தமிழ் முன்னோர். இந்நான்கனுள் எண்ணலில் ஐயத்துக்கு இடமில்லை. எடுத்தல் படிக்கல்லையும், நீட்டல் கோலையும் பற்றியவை. கல்லும் கோலும் செவ்வையாயின் அளவும் செவ்வையாம். முகத்தலோ அத்தன்மைத்தன்று. கலம் செவ்வையாயினும், அதன் வாயை வழித்தளப்பதா குவித்தளப்பதா, அள்ளிப் பெய்வதா கொட்டிக் குலுக்குவதா, காய்ந்த நெல்லா ஈர நெல்லா என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கும். உழுதவனும் நிலமுடையானும், குடியும் கோனும் களத்துமேட்டில் மாறுபட்ட வழக்குகளுள் பெரும்பாலன இவ்வொரு வகையளவை பற்றியே எழுந்தன என்பதற்குப் பல நாட்டு வரலாறுகளும் சான்றாம்.

ஈழத்தின் கீழ்கரையில், மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே பொத்துவில் வரையும், உள்ளே சம்மாந்துறையிலும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு முதலிய இந்துத் தமிழூர்கள் இவற்றோடு இடையிட்டுக் கிடக்கின்றன. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும்வரை இப்பகுதி முழுவதும் மட்டக்களப்பைச் சேர்ந்தே இருந்தது. கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக அமைந்த இவ்வூர்களில் கடற்றொழிலும் நெசவும் வாணிகமும் உண்டெனினும், செல்வத்தின் அளவுகோல் நெல்லே. போடியார் என்னும் நிலக்கிழார், அவர்தம் வயலை நின்று நடத்தும் முல்லைக்காரன், நீர்ப்பாய்ச்சலைக் கண்காணிக்கும் வட்டைவிதானை, வெட்டும் கூலியாள், பள்ளிவாசல், கோயில், ஏழை எளியவர் ஆகிய எல்லார் பங்கும் களத்தில் நெல்லாகவே அளந்து பிரிக்கப்பட்ட காலம் அண்மையில்தான் மறைந்தது. அளக்குங் கலம் ஒன்றிரண்டு கைப்பிடி கூடினும் குறையினும் அது யாரோ ஒருவர் வீட்டு அடுப்பில் தெரியும்.

இவ்வூர்களில் வழங்கிய அளவைப் பெயர்கள் சுண்டு, கொத்து, மரைக்கால், அவணம், பின்னாளில் புசல் என்பன. இவற்றுள் மரைக்கால் தமிழகத்து மரக்காலே. (குடிதோறும் பள்ளிவாசலுக்கு நிருவாகியாக அமையும் மரைக்காரின் பெயரோடு இது ஒலியால் ஒத்ததேயன்றிப் பொருளால் ஒத்ததன்று.) அவணம் என்பது சிங்களத்தில் அமுண என வழங்குவது, அங்கே நான்கு பேல கொண்டது ஓர் அமுண. பாக்கு எண்ணுவதற்கும் அவணம் என்னும் பெயர் ஈழத்தில் வழங்கியது. நெல்லளவான அவணமே நிலவளவும் ஆயிற்று. ஓர் அவண விதை விதைத்தற்குரிய வயல் ஓர் அவணக் காணி எனப்பட்டது. சங்கிலி பிடித்து நிலமளக்கும் வழக்கம் வரும்வரை, விதைக்கும் கடகமே நிலமளக்கும் கோலாக இருந்தது என்க.

பண்டைத் தமிழில் அளவைப் பெயர்கள் பெரும்பாலும் கலங்களின் பெயர்களே. அளவுப் பெயரும் நிறைப் பெயரும் ஒன்பது எழுத்துக்களை முதலாகக் கொண்டு வரும் என்பது தொல்காப்பியம். அளவுப் பெயர்களுக்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுக்கள் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்பன. சட்டியும் பானையும் சாடியுமாகிய வீட்டுப் பாண்டங்களே முதலில் அளவைகளாயின என்பது இதனால் விளங்கும். பாண்டம் ஊர்தோறும் வேறுபடும். ஆதலின் அளவும் ஊர்தோறும் வேறுபட்டது. அரசு வலுவுற்ற இடங்களில் இவ்வேறுபாட்டை ஒழிக்க ஒரு கலத்துக்குப் பெயரிட்டு அதனையே அளவாக நிறுத்தினர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில், கோயில் நெல் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்படவேண்டும் என்றும், அஃது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒக்கும் என்றும் குறிக்கப்பட்டிருப்பது காண்க. எண்ணிக்கை மட்டும் கூறி எந்த மரக்கால் என்பதைக் கூறாது விடின் எழுத்துப் பயனற்றதாகும் என்பதைச் சோழர் கணக்கர் நன்கறிந்திருந்தனர்.

அக்காலத்து வாய்பாடு எளியது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். குறுணியும் மரக்காலும் ஒன்றே. பெரும்பாலும் இரட்டித்து இரட்டித்துச் செல்லும் இம்முறையில் எழுத்தறியாதவரும் பாதி பாதியாகப் பிரித்துக் கணக்கைச் சரிபார்க்கலாம்.

இதனோடு, 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில வணிகக் கைந்நூல்களில் இலங்கைக்குரியதாகக் காணப்படும் வாய்பாட்டை ஒப்பிடுதல் தகும். நான்கு சுண்டு ஒரு சேர்; நான்கு சேரும் ஐந்தில் நான்கு பங்கும் கூடியது ஒரு குறுணி; இரண்டரைக் குறுணி ஒரு மரைக்கால்; இரண்டு மரைக்கால் ஒரு பறை; எட்டுப் பறை ஓர் அவணம்; ஒன்பது அவணமும் எட்டில் மூன்று பங்கும் ஒரு லாஸ்து. குறுணியும் மரைக்காலும் இங்கே ஒன்றல்ல; இரண்டரை மடங்கு வேறுபட்ட இரு கலங்கள். இவ்வாய்பாட்டின் பின்னங்களை வீண் குழப்பமெனத் தள்ளலாகாது. லாஸ்து என்பது கப்பற் பாரத்தைக் குறித்து ஒல்லாந்தர் கொணர்ந்த அளவை. அது 75 பறை. உள்நாட்டு அவணமோ எட்டுப் பறை. 75ஐ எட்டால் வகுத்தால் ஒன்பதேயெட்டில் மூன்று வரும். அஃதாவது, ஒன்றோடொன்று உறவில்லாத இரு அளவை முறைகளைப் பறை என்னும் கலத்தை நடுவே வைத்துத் தைத்திருக்கின்றனர். துணியில் தையல் எங்கே உள்ளது என்பதை விரல் காட்டுவதுபோல, வாய்பாட்டில் ஆட்சி எங்கே மாறிற்று என்பதைப் பின்னம் காட்டுகின்றது.

இவ்வாய்பாட்டோடு இரு கலங்களின் வடிவும் கூறப்பட்டிருப்பது நற்பேறு. பறை ஒரு செவ்விய கனசதுரப் பெட்டி. உள்ளளவு எப்புறமும் 11.57 அங்குலம். சேர் ஓர் உருளை, ஆழம் 4.35 அங்குலம், விட்டமும் 4.35 அங்குலம். இவ்வளவுகள் உண்மையோ என்பதை எவரும் கணித்தறியலாம். பெட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 1,549 கனவங்குலம். உருளையின் கொள்ளளவு 64.65 கனவங்குலம். வாய்பாட்டின்படி ஒரு பறைக்கு 24 சேர், 64.65ஐ 24ஆற் பெருக்க 1,552 ஆகும். ஆயிரத்துக்கு இரண்டு என்னும் அளவுக்குள் இரண்டும் ஒத்து நிற்றலால் இவ்வளவைகளை நம்பலாம். இன்றைய அளவில் சேர் 1.06 லீற்றர், மரைக்கால் 12.7 லீற்றர், பறை 25.4 லீற்றர், அவணம் 203 லீற்றர்.

இதே காலத்தில் சென்னையில் வழங்கிய மரக்கால் 750 கனவங்குலம், அஃதாவது 12.3 லீற்றர். இலங்கை மரைக்காலுக்கும் சென்னை மரக்காலுக்கும் வேற்றுமை நூற்றுக்கு மூன்றே. ஆனால் சென்னையில் ஐந்து மரக்கால் ஒரு பறை. இலங்கையில் இரண்டு மரைக்கால் ஒரு பறை. சென்னைப் பறை 61 லீற்றருக்கு மேல். இலங்கைப் பறை 25 லீற்றர். இந்தியாவிலிருந்து அரிசி தருவித்த இலங்கை வணிகன், பறை என்னும் ஒரு சொல்லை இரு துறைமுகங்களிலும் ஒரே பொருளில் எழுதியிருப்பின் அவன் முதல் அன்றே அழிந்திருக்கும். பெயர் ஒன்றாயிருத்தலே மாற்றுக்கணக்கின் முதற்பகை. இத்தடுமாற்றம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கர் இன்றும் வழங்கும் கலன், ஆன் அரசியின் காலத்தில் 1707இல் விதிக்கப்பட்ட 231 கனவங்குல வைன் கலனே, அது 3.785 லீற்றர். பிரித்தானியர் 1824ஆம் ஆண்டுச் சட்டத்தால் வகுத்த கலன் 4.546 லீற்றர். ஒரே மொழி பேசும் இரு நாட்டார் ஒரே சொல்லால் இருவேறு கலங்களைக் குறிக்கின்றனர்.

மேற்காட்டிய இலங்கை வாய்பாட்டின் ஆங்கில வடிவத்தில் சுண்டுக்கும் சேருக்கும் முன் ‘வெட்டிய’ என்னும் அடை வருகின்றது. கலத்தின் வாயைக் கோலால் வழித்து, மேலே நிற்பதை வெட்டித் தள்ளிய அளவு என்பது கருத்து. இவ்வொரு சொல்லில் அடங்கிய பொருள் பெரிது. வழித்தளப்பதற்கும் குவித்தளப்பதற்கும் உள்ள வேற்றுமை எவ்வளவு?

காய்ந்த நெல்லைக் கொட்டினால் அது ஏறக்குறைய 35 பாகைச் சாய்வில் குவியும். விட்டமும் ஆழமும் சமமான உருளையின் வாயில் அத்தகைய கூம்பு நிற்குமாயின், அதன் கனவளவு கலத்தின் கொள்ளளவில் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவாகும். கனசதுரப் பெட்டியின் மேல் நிற்கும் நாற்பக்கக் கூம்புக்கும் அதே விகிதமே வருகின்றது. ஆகவே, எட்டுப் பறை குவித்தளந்தால் ஏறத்தாழ ஒன்பதாம் பறையொன்று கணக்கில் ஏறாமலே களத்தைவிட்டுப் போய்விடும். கலம் அகன்றும் ஆழங்குறைந்தும் இருப்பின் இழப்பு இன்னும் மிகும். ஆழம் விட்டத்தில் பாதியாக இருந்தால் கூம்பின் பங்கு இருமடங்காகி, நூற்றுக்கு இருபத்துமூன்றை எட்டும். கொள்ளளவில் வேறுபடாத இரு மரைக்கால்களை ஒருவன் வைத்திருந்து, வாங்கும்போது அகன்றதைக் குவித்தும், கொடுக்கும்போது ஒடுங்கியதை வழித்தும் அளப்பானாயின், முத்திரையிட வந்த அதிகாரியாலும் அவனைக் குற்றங்காண இயலாது. அளவின் தொடக்கத்தில் ஒன்று என்னாது ‘லாபம்’ என எண்ணும் வழக்கம் மங்கலங் கருதியதே. ஆயினும் அந்த லாபம் யாருக்கு என்பது கலத்தின் வாயைப் பொறுத்தது.

கௌடிலியர் இதனை மறைக்கவில்லை. அவருடைய அர்த்தசாத்திரம் துரோணம் என்னும் ஒரே பெயருக்கு நான்கு அளவுகளை விதிக்கின்றது. அரசிறை வாங்கும் துரோணம் 200 பலம். வாணிகத் துரோணம் 187½ பலம். கூலி முதலியன கொடுக்கும் துரோணம் 175 பலம். அந்தப்புரத்துக்கு அளக்கும் துரோணம் 162½ பலம். வாங்குங் கலத்துக்கும் கொடுக்குங் கலத்துக்கும் எட்டிலொரு பங்கு வேற்றுமை. மேலே கண்ட குவியலின் அளவும் ஏறக்குறைய எட்டிலொன்றே என்பது எண்ணத்தக்கது. பிரான்சில் 1789ஆம் ஆண்டு குடிகள் அரசனுக்கு எழுதிய முறையீடுகளில் நிலப்பிரபுக்களின் அளவைக் கலங்களைப் பற்றிய குறை திரும்பத் திரும்ப வருகின்றது. 1795இல் அந்நாட்டில் லீற்றர் சட்டமாயினமைக்கு அறிவியல் ஆர்வம் ஒரு காரணம். இக்குறை மற்றொரு காரணம்.

இலங்கையில் விளைவின் பத்திலொன்றை அரசிறையாகக் கொள்ளும் முறை பிரித்தானியர் ஆட்சியிலும் நெடுங்காலம் நின்றது. இறை வாங்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டமையால், குத்தகைக்காரன் வந்து பார்க்கும்வரை உழவன் சூட்டையும் பொலியையும் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 1878ஆம் ஆண்டின் நெல்வரிச் சட்டம் நெல்லுக்குப் பதிலாகப் பணம் வாங்கும் முறையை விரித்தது. களத்துக் கலத்தின் தொல்லை நீங்கிப் பணமில்லாமையின் தொல்லை தொடங்கிற்று. வலப்பனைப் பகுதியில் வரி கட்ட இயலாத குடிகள் நிலமிழந்தமை அக்காலத்தில் பெரும் வாதத்தை எழுப்பியது. 1892இல், சேர் ஆதர் ஹவ்லொக் தேசாதிபதியாக இருந்தபோது, நெல்வரி ஒழிக்கப்பட்டது.

இதனிடையே கலமும் மாறிற்று. 1876ஆம் ஆண்டின் நிறைகள் அளவைகள் கட்டளைச் சட்டத்தால் பிரித்தானிய அளவைகள் இலங்கைக்கு உரியனவாயின. எட்டுக் கலன் கொண்ட புசல் நெல்லுக்குரிய பேரளவாயிற்று. புசல் 36.37 லீற்றர்; அதற்கு 32 கொத்து. ஆகவே புதிய கொத்து 1.137 லீற்றர். பழைய சேர் 1.06 லீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்; வேற்றுமை நூற்றுக்கு ஏழு. இவ்வேழின் விளைவைச் சற்று விரித்துக் காண்பது நன்று. பழைய அவணம் 192 சேர். அதே நெல்லைப் புதிய கொத்தால் அளந்தால் 179 கொத்துக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். ‘அவணத்துக்கு நூற்றுத்தொண்ணூற்றிரண்டு’ என வாய்மொழியாக வந்த கணக்கை மாற்றாது, கலத்தை மட்டும் மாற்றி அளந்தால், அவணந்தோறும் பதின்மூன்று கொத்து கூடுதலாகப் போகும். ஒரு சிறு குடும்பத்துக்குப் பல நாள் உணவு அது. எவரும் பொய் சொல்லவில்லை; எண்ணும் தவறவில்லை. ஆயினும் நெல் இடம் மாறிவிடும்.

ஓர் அவணம் ஐந்தரைப் புசலுக்குச் சற்று மேல் என்னும் மாற்றுக்கணக்கு இதிலிருந்தே பெறப்படும். சிங்கள நாட்டில் ஓர் அமுண விதைப்பு நிலத்தை இரண்டு முதல் இரண்டரை ஏக்கர் என மதிப்பர். ஏக்கருக்கு இரண்டேகால் முதல் இரண்டேமுக்கால் புசல் விதை என்றாகின்றது. வீசி விதைப்பவர் இன்றும் ஏறக்குறைய இவ்வளவே விதைக்கின்றனர். நில அளவும் தானிய அளவும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கும் இடம் இது.

கொத்து என்னும் அளவை 20ஆம் நூற்றாண்டில் அரசியலையே அசைத்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய பங்கீட்டு அரிசி கொத்துக் கணக்கிலேயே வழங்கப்பட்டது. கொத்தொன்று இரண்டு இறாத்தல் என்பது விதி. 1953ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒரு கொத்தின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அதனை எதிர்த்து ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். பின்னர் அவரே மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது இரண்டு கொத்து ஒன்றாகக் குறைந்தமையும், 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் இழந்த கொத்தை மீட்டுத் தருவோம் என்பது எதிர்க்கட்சியின் பெரும் வாக்குறுதியாக ஒலித்தமையும் முதியோர் நினைவில் உள்ளவை. அரசமைப்பைப் பற்றி அறியாத குடும்பத் தலைவியும் கொத்தைப் பற்றி அறிவாள்.

நெல்லை அரசு உத்தரவாத விலைக்கு வாங்கத் தொடங்கியபோது முகத்தலளவை நிறையளவையாக மாறும் செயல் நிறைவுற்றது. ஒரு புசல் நெல்லுக்கு 46 இறாத்தல் என நிறுத்து வாங்கினர். அன்று தொட்டுப் புசல் என்பது கலத்தின் பெயராக அன்றி நிறையின் பெயராகவே வழங்கலாயிற்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் பட்டிப்பளை ஆற்றுநீர் விரிந்து பாய்ந்து விளைவு பெருகிய இக்கரையோரத்தில், மரைக்காலால் அளந்து முடியாத நெல்லைத் தராசே அளக்க முடிந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகையாளன் நிலமுடையானுக்குக் கொடுக்கும் பங்கை விளைவில் நாலிலொன்றுக்கு மேற்படாதென வரையறுத்து, ஏக்கருக்கு இத்தனை புசல் என்னும் மேலெல்லையும் விதித்தது. கலத்தின் வாய் வழக்குக்கு இடமில்லாது போயிற்று. அதனிடத்தில் ஈரமும் பதரும் வந்தன. காயாத நெல் கலத்தில் பெரிதும் ஏமாற்றாது. தராசில் நீரும் நெல்லாகவே நிற்கும். முன்பு வாங்குபவன் குவித்தான். இப்போது விற்பவன் நனைத்தான் என்று வாங்குபவன் குறை கூறி நிறையைக் கழிக்கின்றான்.

ஈண்டு இறாத்தல் என்னும் சொல்லைக் குறித்து ஒன்று கூறலாம். ஈழத்தில் ஒரு இறாத்தல் பாண் என்று வழங்கும் இச்சொல் ஆங்கிலம் அன்று, தமிழும் அன்று. அரபியில் ரத்ல் எனப்படும் நிறையின் பெயர் போர்த்துக்கேயர் வாயில் அறாத்தல் ஆகி இங்கு வந்தது. அரபுச் சொல்லொன்றைக் கிறித்தவ மாலுமிகள் கொணர, அதனைக் கல்முனைக் கடைவீதியில் முஸ்லிம்களும் இந்துக்களும் பாணுக்குரிய சொல்லாகக் கொண்டனர். இதே ரத்ல்தான் இவ்வூர் முஸ்லிம்களின் மார்க்கக் கடமையொன்றின் கணக்கிலும் நடுநாயகமாக நிற்கின்றது.

விளைவின் மீது விதிக்கப்பட்ட ஸகாத்துக்கும், நோன்புப் பெருநாளில் கொடுக்கும் பித்ராவுக்கும் அளவை ஸாஉ என்பது. ஒரு ஸாஉக்கு நான்கு முத்து. அறுபது ஸாஉ ஒரு வஸக். பித்ரா ஆளுக்கு ஒரு ஸாஉ. விளைச்சலில் ஸகாத் கடமையாவதற்குக் குறைந்த எல்லை ஐந்து வஸக், அஃதாவது 300 ஸாஉ. மழையாலும் தானே பாயும் நீராலும் விளைந்ததில் பத்திலொன்று. இறைத்துப் பாய்ச்சி விளைத்ததில் இருபதிலொன்று. இலங்கை முஸ்லிம்கள் தழுவும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள், உமியோடு சேமிக்கப்படும் நெல்லுக்கு இவ்வெல்லை இருமடங்காகிப் பத்து வஸக் ஆகும் என நுணுக்கமாக வகுத்துள்ளன. கூலத்தின் உமியையும் கணக்கிற் கொண்ட இவ்விதி நெல் விளையும் நாட்டாருக்குப் பெரிதும் பயன்படுவது.

ஆனால் ஸாஉ எவ்வளவு? மதீனாவின் ஸாஉ பக்தாது ரத்லில் ஐந்தேமூன்றிலொன்று என்பர் ஷாபிஈ மத்ஹபினர். எட்டு ரத்ல் என்பர் ஹனபி மத்ஹபினர். ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு வேற்றுமை. இமாம் அபூஹனீபாவின் மாணவரான அபூயூசுப் மதீனா சென்று இமாம் மாலிக்கோடு இதுபற்றி உரையாடியபோது, அவ்வூரார் தம் பாட்டன்மார் வழிவந்த ஸாஉக் கலங்களைக் கொண்டுவந்து காட்டினர் என்றும், அவற்றை அளந்து பார்த்த அபூயூசுப் எட்டு ரத்ல் என்னும் தம் கருத்தைக் கைவிட்டார் என்றும் மரபு கூறும். நூல் வாதத்தைக் கலம் தீர்த்தது. ரத்லின் நிறையே 130 திர்ஹம் என்றார் இமாம் ராபிஈ; 128 திர்ஹமும் ஏழில் நான்கும் என்றார் 13ஆம் நூற்றாண்டினரான இமாம் நவவி. அவரே, அடிப்படை முகத்தலளவேயன்றி நிறையன்று என்றும், நடுத்தர அளவான இரு கைகளைச் சேர்த்து நான்கு முறை அள்ளியது ஒரு ஸாஉ என்றும் கூறினார். கலம் அழிந்தாலும் மனிதன் கை அழியாது என்னும் துணிவு அதில் தெரிகின்றது.

இக்காலத்தோர் பலர் ஷாபிஈ ஸாஉவை 2.75 லீற்றர் என மதிப்பர். அதனைக் கொண்டு கணித்தால், நெல்லுக்குரிய 600 ஸாஉ 1,650 லீற்றர். 45 புசலுக்குச் சற்று மேல். பழைய கணக்கில் எட்டு அவணத்தை ஒட்டியது. நிறையில் புசலுக்கு 46 இறாத்தலாக ஏறத்தாழ 950 கிலோகிராம். எட்டு ரத்ல் என்னும் கணக்கைக் கொண்டாலோ 68 புசல் ஆகும். ஐம்பது புசல் விளைந்த ஒரு சிறு விவசாயி முதற் கணக்கின்படி கொடுக்க வேண்டியவன். இரண்டாம் கணக்கின்படி கொடாதிருக்கலாம். அவன் பக்கத்து வீட்டு விதவைக்கு ஐந்து புசல் நெல் வருவதும் வாராததும் பக்தாது நகரத்து ரத்லைப் பொறுத்தன ஆகின்றன. அளவில் குறைப்போரைக் கண்டிப்பதற்கென்றே குர்ஆனில் ஓர் அத்தியாயம் அவர் பெயராலேயே வழங்குவதை நோக்க, இக்கணக்கில் உலமாக்கள் காட்டிய நுணுக்கம் மிகையன்று எனலாம்.

திரவப் பொருள்களின் கதை குறுகியது. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் பாலும் தேனும் போத்தல் கணக்கில் விற்கப்பட்டன. ஆறு போத்தல் ஒரு கலன். ஆகவே போத்தல் 758 மில்லிலீற்றர். இன்று முக்கால் லீற்றர்ப் புட்டியைப் போத்தல் என்பவர் எட்டு மில்லிலீற்றரை விட்டுக்கொடுக்கின்றனர். அதனால் யாருக்கும் பெருங்கேடில்லை. 1970களில் இலங்கை மெற்றிக் முறைக்கு மாறிற்று. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் பழைய கட்டளைச் சட்டத்தின் இடத்தைக் கொண்டது. லீற்றரும் மாறாப் பொருளன்று. 1901இல் ஒரு கிலோகிராம் நீரின் கனவளவு என வரையறுக்கப்பட்டுக் கனதெசிமீற்றரிலிருந்து இம்மியளவு பெருத்து, 1964இல் மீண்டும் கனதெசிமீற்றராயிற்று.

சந்தையில் கிலோகிராம் ஆட்சி செய்யினும், சமையலறையில் சுண்டு ஒழியவில்லை. வெண்கலச் சுண்டும் மரச்சுண்டும் போய், கட்டிப்பால் வந்த பால்பேணியே பல வீடுகளிற் சுண்டாக நிற்கின்றது. சட்டப்படி கொத்தின் காற்பங்கான சுண்டு 284 மில்லிலீற்றர். 397 கிராம் கட்டிப்பால் கொண்ட பேணியோ ஏறத்தாழ 305 மில்லிலீற்றர். பேணியால் நான்கு சுண்டு அளந்து ஒரு கொத்து எனக் கடன் திருப்பிக் கொடுக்கும் வீட்டார், அறியாமலே நூற்றுக்கு ஏழு கூட்டிக் கொடுக்கின்றனர். பித்ரா அரிசி அளப்போருக்கும் இது வாய்ப்பாக அமைந்துவிட்டது. தலைவழித்த ஒன்பது பேணி ஏறக்குறைய சரியாக ஒரு ஸாஉ ஆகும்.